ரத்தக்கசிவும் ரத்த உறைவும்: தீவிரத்தைத் தரம் பிரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள், மருந்து ஆய்வுகளில் பதிவுப் படிவம் நிரப்புபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு 'மேஜர் ப்ளீடிங்' என்றால் என்ன என்று குழம்பும் வீட்டாருக்கும் இது உதவும். சொல்லப்படும் அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. பிரசவ ரத்தப்போக்குக்கும் குழந்தைகளுக்கும் கணக்கு வேறு.

ஒரு ரத்தக்கசிவை எப்போது 'பெரியது' என்று எழுத வேண்டும்?

அதிகம் புழங்குவது ஐஎஸ்டிஹெச் எனப்படும் சர்வதேச ரத்த உறைவியல் சங்கம் 2005-இல் வெளியிட்ட வரையறை. அறுவை சிகிச்சை செய்யாத நோயாளிக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது பெரிய கசிவு: கசிவினால் மரணம், ஆபத்தான இடத்தில் அறிகுறியோடு கூடிய கசிவு, ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 2 கிராம் அல்லது அதற்கு மேல் இறங்குவது, இரண்டு யூனிட் அல்லது அதற்கு மேல் ரத்தம் ஏற்ற வேண்டி வருவது.

ஒன்று போதும் என்பதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். ஹீமோகுளோபினும் இறங்க வேண்டும், இரண்டு யூனிட்டும் ஏற்றியிருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பெரிய கசிவுகளில் பல 'சிறியது' பட்டியலுக்குப் போய்விடும்.

இந்த வரையறையில் ரத்த அழுத்தம் வரவே இல்லை. ஆய்வுக் கணக்குக்கு அது சரி, படுக்கையருகே போதாது. ரத்த வாந்தி எடுத்து, அழுத்தம் 80-க்கு இறங்கி, கை கால் சில்லிட்டுக் கிடப்பவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் ஹீமோகுளோபின் 12 என்றே வரலாம். அமெரிக்க இதயவியல் கல்லூரியின் 2020 வழிகாட்டி ரத்த ஓட்ட நிலைகுலைவைத் தனி அடையாளமாகவே சேர்த்திருக்கிறது. வார்டில் முடிவெடுப்பவர்கள் அதைப் பின்பற்றுவதே நல்லது.

ஆபத்தான இடம் என்பவை எவை?

மண்டை ஓட்டுக்குள், முதுகெலும்புக் குழாய்க்குள், கண்ணுக்குள், வயிற்றறைக்குப் பின்புறம், மூட்டுக்குள், இதய உறைக்குள். தசைக்குள் கசிந்தால், அது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமை (தசை உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுவதை) உண்டாக்கியிருந்தால் மட்டும்.

இங்கே அளவு பேச்சே இல்லை. முதுகெலும்புக் குழாய்க்குள் சில மில்லிலிட்டர் தேங்கினாலே தண்டுவடம் நசுங்கும். வலி தெரியாமலிருக்க முதுகில் வைத்த எபிட்யூரல் குழாயை எடுத்த பிறகு கால் கனக்கிறது, மரத்துப்போகிறது என்று நோயாளி சொன்னால் ஹீமோகுளோபின் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே எம்ஆர்ஐ.

கண் விஷயத்தில் தலைகீழ்க் குழப்பம் நடக்கிறது. வெள்ளை விழி முழுக்கச் சிவந்து வருபவரைப் பார்த்து 'கண்ணுக்குள் கசிவு' என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் விழி வெண்படலத்துக்கு அடியில் உள்ள கசிவு. பார்க்கத்தான் பயங்கரம், பார்வை குறையாது, தானாகக் கரையும். கண்ணுக்குள் என்றால் விழித்திரை, கண்ணாடிக் கூழ், கருவிழிக்குப் பின்னுள்ள அறை போன்றவை.

இரைப்பையும் குடலும் இந்தப் பட்டியலில் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மலம் தார் போலப் போவது எத்தனை பேரைக் கலங்கடித்தாலும், அது பெரிய கசிவாகக் கணக்கில் சேர ஹீமோகுளோபினோ ரத்தம் ஏற்றிய கணக்கோ வேண்டும்.

ஹீமோகுளோபின் இறக்கத்தை எதிலிருந்து எதுவரை கணக்கிடுவது?

கசிவுக்கு முன் கடைசியாக எடுத்த நம்பகமான அளவிலிருந்து, அந்தக் கசிவின்போது தொட்ட மிகக் குறைந்த அளவு வரை. தவறு நடப்பது பெரும்பாலும் தொடக்க எண்ணில்தான். வாந்தி, பேதியால் உடல் வறண்டு வந்தவருக்கு முதல் நாள் 14 காட்டும். சலைன் இரண்டு லிட்டர் ஏறியதும் 12.2. அதில் கசிவு எதுவும் இல்லாமலிருக்கலாம். மலம், வாந்தி, சிறுநீர், உடலுக்குள் தேங்குவதை வெளியேற்றும் ட்ரெய்ன் குழாய், ஸ்கேன் எதிலும் ரத்தத்தின் தடயம் இல்லையென்றால் வெறும் எண் இறக்கத்தை வைத்துக் கசிவு என்று எழுத வேண்டாம்.

ரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் திருத்திக் கணக்கிட வேண்டும் என்று இதய நோய் ஆய்வுகளில் கசிவைத் தரம் பிரிக்கும் பார்க், டிமி ஆகிய அளவுகோல்கள் கேட்கின்றன. ஒரு யூனிட்டுக்கு 1 கிராம். கசிவுக்கு முன் 12.0, இரண்டு யூனிட் ஏற்றிய பின் 10.1 என்றால் கண்ணுக்குத் தெரியும் இறக்கம் 1.9, உண்மையான இறக்கம் 3.9. முதல் எண்ணை எழுதியவரும் இரண்டாவதை எழுதியவரும் வேறு வேறு தரத்தைக் கொடுப்பார்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். இந்திய ரத்த வங்கிகளில் 350 மில்லி பையும் புழங்குகிறது, 450 மில்லி பையும் புழங்குகிறது. இரண்டிலிருந்தும் பிரித்த சிவப்பணு ஒரே அளவு ஹீமோகுளோபினை ஏற்றாது. அளவுகோலின் கணக்கு யூனிட்டுக்கு 1 என்பதுதான், அதை மாற்றக் கூடாது. ஆனால் பையின் அளவைக் குறித்து வையுங்கள். பின்னால் கேள்வி வரும்போது பதில் இருக்கும்.

அலகையும் பாருங்கள். வெளிநாட்டுப் படிவங்களில் லிட்டருக்கு 20 கிராம் என்று இருக்கும். நம் ஆய்வகச் சீட்டில் டெசிலிட்டருக்கு 2 கிராம் என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. லிட்டர் கட்டத்தில் 2 என்று எழுதினால் பெரிய கசிவு காணாமல் போகும்.

ஒரே நோயாளிக்கு ஒவ்வொரு அளவுகோலும் ஒவ்வொரு தரம் சொல்கிறதே, எது சரி?

எல்லாமே அதனதன் கணக்கில் சரி. ஓர் உதாரணத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் மாத்திரை சாப்பிடும் 71 வயதுக்காரர். இரண்டு நாளாகத் தார் நிற மலம். போன மாதம் ஹீமோகுளோபின் 11.8, இப்போது 9.4. அழுத்தம் 118/70. ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றினார்கள், எண்டோஸ்கோபியில் சிறுகுடல் தொடக்கத்தில் புண் தெரிந்தது.

ஐஎஸ்டிஹெச் கணக்கில் இறக்கம் 2.4, ஆகவே பெரிய கசிவு. ஏற்றியது ஒரே யூனிட் என்பது இங்கே பொருட்டல்ல. டிமி அளவுகோலில் 'மேஜர்' என்பதற்கு 5 கிராம் இறங்க வேண்டும் அல்லது மூளைக்குள் கசிய வேண்டும். 3 முதல் 5-க்குள் 'மைனர்'. 3-க்குக் கீழே 'மினிமல்'. எனவே இவர் பழைய டிமி கணக்கில் வெறும் மினிமல். கஸ்டோ என்ற இன்னொரு அளவுகோல் ஹீமோகுளோபினைப் பார்ப்பதில்லை. ரத்த ஓட்டம் நிலைகுலையாமல் ரத்தம் ஏற்ற வேண்டி வந்ததால் 'மிதமானது'. 2011-இல் வந்த பார்க், வெளிப்படையான கசிவுக்கு ரத்தம் ஏற்றினாலே 3ஏ என்கிறது.

பெரியது, மினிமல், மிதமானது, 3ஏ: நான்கும் ஒரே மனிதருக்கு. டிமியும் கஸ்டோவும் மாரடைப்புக்கு ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து கொடுத்த ஆய்வுகளில் பிறந்தவை. அங்கே உயிரைப் பறிக்கும் கசிவைப் பிடிப்பதே நோக்கம். ஐஎஸ்டிஹெச் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்காக எழுந்தது, அதன் வலைக்குக் கண்ணி சிறிது, குறைந்த கசிவும் சிக்கும். ஒரு மருந்தின் டிமி மேஜர் சதவீதத்தையும் இன்னொன்றின் ஐஎஸ்டிஹெச் மேஜர் சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து 'இது பாதுகாப்பானது' என்று சொல்லும் விளம்பரத் தாள்களை நம்ப வேண்டாம்.

பார்க்கின் மற்றப் படிகள்: 1 என்பது மருத்துவரிடம் போகத் தேவையில்லாத கசிவு, 2 என்பது பரிசோதனையோ சிகிச்சையோ தேவைப்பட்டது, 3பி என்பது 5 கிராம் இறக்கம், இதய உறையில் ரத்தம் தேங்கி இதயம் அமுங்குதல், அறுவை சிகிச்சை அல்லது அழுத்தம் ஏற்றும் மருந்து தேவைப்படுதல், 3சி மூளைக்குள் அல்லது பார்வையைப் பாதிக்கும்படி கண்ணுக்குள், 4 பைபாஸ் அறுவை சிகிச்சை சார்ந்தது, 5 மரணம். மரணத்திலும் 5ஏ, 5பி உண்டு. பிரேதப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லாமல் மருத்துவரின் சந்தேகம் மட்டும் இருந்தால் 5ஏ. கசிவு கண்ணால் பார்க்கப்பட்டோ பரிசோதனையில் நிரூபணமாகியோ இருந்தால் 5பி.

மூக்கில் ரத்தம், ஈறில் ரத்தம் எல்லாம் எந்த வகை?

2015-இல் ஐஎஸ்டிஹெச் நடுவே ஒரு படியைத் தெளிவாக்கியது: பெரியதல்ல, ஆனால் மருத்துவரீதியாகப் பொருட்படுத்த வேண்டிய கசிவு. மருத்துவப் பணியாளர் ஏதாவது செய்ய வேண்டி வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது அல்லது கவனிப்பை உயர்த்த வேண்டி வந்தது, நேரில் பார்த்துப் பரிசோதிக்க வேண்டி வந்தது. இவற்றில் ஒன்று போதும்.

மூக்கைப் பிடித்து முன்புறம் குனிந்து உட்கார்ந்ததில் வீட்டிலேயே நின்றுபோனது சிறியது. அதே கசிவுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்ப் பஞ்சு அடைத்தால் நடுப்படி. தொலைபேசியில் ஆலோசனை கேட்டது மட்டும் நடுப்படிக்குப் போதாது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டதும் அப்படித்தான்; வரையறை நேருக்கு நேர் என்றே சொல்கிறது. ஆனால் அந்த உரையாடலுக்குப் பிறகு மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னாரா என்று கேளுங்கள். நிறுத்தச் சொல்லியிருந்தால் அதை மருத்துவத் தலையீடாகக் கொள்ள இடமுண்டு.

அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் கசிவுக்கும் இதே கணக்கா?

இல்லை. முழங்கால் மூட்டு மாற்றினால் ஹீமோகுளோபின் 2 இறங்குவது சாதாரணம். அதையெல்லாம் பெரியது என்றால் எல்லோருமே பெரியதுதான். 2010-இல் வந்த தனி வரையறை, அறுத்த இடத்துக்கு வெளியே நடக்கும் கசிவையும் அறுத்த இடத்தில் நடப்பதையும் பிரிக்கிறது. அறுத்த இடத்தில் என்றால், மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டி வந்ததா, மூட்டுக்குள் ரத்தம் தேங்கி நடையோ புண் ஆறுவதோ தாமதமானதா, எதிர்பாராத அளவு நீடித்து அதனுடன் 2 கிராம் இறக்கமோ இரண்டு யூனிட்டோ சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பைபாஸ் நோயாளிக்குப் பார்க் 4: 48 மணி நேரத்தில் 5 யூனிட், அல்லது 24 மணி நேரத்தில் மார்புக் குழாயில் 2 லிட்டர், அல்லது மார்பெலும்பை மூடிய பின் கசிவை நிறுத்த மறு அறுவை, அல்லது 48 மணி நேரத்துக்குள் மூளைக் கசிவு.

பிளேட்லெட் 15,000 என்றால் தீவிர ரத்தக்கசிவு என்று எழுதலாமா?

கூடாது. எண்ணிக்கை என்பது வேறு, கசிவு என்பது வேறு. டெங்குக் காலத்தில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகும். பிளேட்லெட் 15,000, தோலில் சில சிவப்புப் புள்ளிகள், வேறு ஒன்றுமில்லை என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அது 1-ஆம் தரம். கண்ணுக்குத் தெரியும் கசிவு, ஆனால் சிவப்பணு ஏற்றத் தேவையில்லை என்றால் 2. ஏற்ற வேண்டியிருந்தால் 3. உயிருக்கு ஆபத்து, மூளைக்குள் கசிவு, பார்வை பறிபோகும் விழித்திரைக் கசிவு என்றால் 4. அதே நோயாளிக்குப் பிளேட்லெட் 60,000 இருந்து மூளைக்குள் கசிந்தால் அது 4-தான்.

ஹாஸ்-பிளெட் மதிப்பெண் 4. அது தீவிரம்தானே?

அது இனிமேல் கசிய எவ்வளவு வாய்ப்பு என்பதற்கான மதிப்பெண். நடந்த கசிவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள்.

நுரையீரலில் ரத்தக்கட்டி: தீவிரத்தை எப்படித் தீர்மானிப்பது?

சிடி படத்தில் கட்டி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்து அல்ல. இதயத்தின் வலது பக்கம் அதைத் தாங்குகிறதா என்பதை வைத்து. இரண்டு கிளைகளிலும் கட்டி அடைத்து நடந்து வருபவரும் உண்டு. ஏற்கெனவே இதயம் பலவீனமானவர் சிறு கட்டியிலேயே சரிவதும் உண்டு.

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 முறையில் முதல் கேள்வி ரத்த ஓட்டம். இதயம் நின்றதா, மேல் அழுத்தம் 90-க்குக் கீழ் போய் உறுப்புகளுக்கு ரத்தம் போகவில்லையா, அல்லது அழுத்தம் 90-க்குக் கீழோ, வழக்கத்தைவிட 40 குறைந்தோ 15 நிமிடத்துக்கு மேல் நிற்கிறதா. ஆம் என்றால் உயர் ஆபத்து. அந்த 40-ஐ மறந்துவிடுகிறார்கள். எப்போதும் 170 இருக்கும் பெரியவருக்கு இப்போது 122 என்றால் கேஸ் ஷீட்டில் 'அழுத்தம் நார்மல்' என்று விழும். அது நார்மல் இல்லை. புதிதாக வந்த இதயத் துடிப்புக் கோளாறு, நீரிழப்பு, கிருமித்தொற்று ஆகியவற்றால் இறங்கவில்லை என்று உறுதியானால் அவர் உயர் ஆபத்துப் பட்டியலில் இருக்க வேண்டியவர்.

அழுத்தம் நிலையாக இருந்தால், நுரையீரல் கட்டியின் ஆபத்தைக் கணிக்கும் எளிய பெசி மதிப்பெண். 80 வயதுக்கு மேல், புற்றுநோய், நாள்பட்ட இதயச் செயலிழப்பு அல்லது நுரையீரல் நோய், நாடி 110 அல்லது மேல், மேல் அழுத்தம் 100-க்குக் கீழ், ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழ். ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 0 என்று வந்து, வலது கீழறையும் நன்றாக இருந்தால் குறைந்த ஆபத்து. 1 அல்லது மேல் என்றால் எக்கோவும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தச் சோதனையும் பாருங்கள்: வலது கீழறை பாதிப்பு, ட்ரோபோனின் உயர்வு இரண்டும் இருந்தால் நடுத்தரத்தில் உயர், ஒன்றுதான் இருந்தால் அல்லது ஒன்றுமே இல்லையென்றால் நடுத்தரத்தில் தாழ். நாடியைக் குறைக்கும் பீட்டா ப்ளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி 110-ஐத் தொடாமலே போகலாம், மதிப்பெண் 0 என்று நிம்மதி கொள்ள வேண்டாம்.

நடுத்தரத்தில் உயர் என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிடலாமே?

உறைவின் தரமும் கசிவின் தரமும் நேருக்கு நேர் மோதும் இடம் இது. 2014-இல் வெளியான பெய்த்தோ ஆய்வில் இப்படிப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேருக்குக் கட்டி கரைக்கும் டெனெக்டிப்ளேஸ் அல்லது வெற்று மருந்து கொடுத்தார்கள். எல்லோருக்கும் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் உண்டு. மரணம் அல்லது ரத்த ஓட்டச் சரிவு 5.6 சதவீதத்திலிருந்து 2.6-ஆகக் குறைந்தது. ஆனால் மூளைக்கு வெளியேயான பெரிய கசிவு 1.2-இலிருந்து 6.3-ஆக ஏறியது; ரத்தக்கசிவுப் பக்கவாதம் 0.2-இலிருந்து 2.0 சதவீதமானது. அதனால்தான் இவர்களுக்கு ஹெப்பாரின் கொடுத்து, கண்காணிப்புப் படுக்கையில் வைத்து, அழுத்தம் சரிந்தால் மட்டும் கரைக்கும் மருந்து. உயர் ஆபத்து என்றால் தயக்கமில்லை. வழக்கமான அளவு ஆல்டிப்ளேஸ் 100 மில்லிகிராம், 2 மணி நேரத்தில்.

டி-டைமர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தீவிரமா?

அதை வைத்துத் தரம் பிரிக்காதீர்கள். குறைவாக இருந்தால் ரத்தக்கட்டி இல்லை என்று ஒதுக்க உதவும் ரத்தச் சோதனை அது. கிருமித்தொற்று, கர்ப்பம், புற்றுநோய், அறுவை சிகிச்சை, முதுமை எல்லாவற்றிலும் ஏறும்.

காலில் வரும் ரத்தக்கட்டிக்குத் தரம் உண்டா?

சிரையில் என்றால் முதலில் இடம்: முழங்காலுக்குப் பின்னுள்ள சிரையிலோ அதற்கு மேலோ இருந்தால் நுரையீரலுக்குப் போகும் ஆபத்து அதிகம், கெண்டைக்காலில் மட்டும் என்றால் குறைவு. கால் முழுக்க நீலம் பாய்ந்து, தாங்க முடியாத வலியோடு இறுகி நின்றால் அது தனி அவசரம்; கால் போய்விடும். மூன்று மாதத்துக்குப் பின் மிச்சமிருக்கும் வீக்கம், கனம், தோல் கறுப்பு ஆகியவற்றுக்கு வில்லால்ட்டா மதிப்பெண் போடலாம்: 5 முதல் 9 லேசானது, 10 முதல் 14 மிதமானது, 15 அல்லது அதற்கு மேல், அல்லது புண் இருந்தால் கடுமையானது.

தமனி அடைப்பு வேறு கதை. ரதர்ஃபோர்ட் முறையில் உணர்வும் அசைவும்தான் அளவு. இரண்டும் முழுதாக இருந்தால் 1. விரல்களில் மட்டும் லேசாக மரத்தால் 2ஏ, சில மணி நேரம் கிடைக்கும். மரப்பு விரலைத் தாண்டி, கால் அசைவும் பலவீனமானால் 2பி, இப்போதே ரத்த ஓட்டத்தைத் திறக்க வேண்டும். உணர்வும் அசைவும் முற்றிலும் போய், ரத்த ஓட்டத்தைக் கேட்கும் டாப்ளர் கருவியில் தமனி ஒலியும் சிரை ஒலியும் கேட்காவிட்டால் 3. காலைக் காப்பாற்ற முடியாது. 2ஏ-வுக்கும் 2பி-க்கும் உள்ள வித்தியாசத்தை அறிய, 'பெருவிரலை மேலே தூக்குங்க' என்று சொல்லிப் பார்க்கும் பத்து நொடி போதும். அதை யாரும் செய்யாமல் விடுவதுதான் வருத்தம்.

உறைவும் கசிவும் ஒரே நேரத்தில் நடந்தால்?

ரத்த நாளமெங்கும் உறைதல் நடந்து உறைபொருள்கள் தீர்ந்துபோகும் டிஐசி நிலையைச் சந்தேகியுங்கள். ஐஎஸ்டிஹெச் மதிப்பெண்: பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ் 1, ஐம்பதாயிரத்துக்குக் கீழ் 2, டி-டைமர் மிதமாக ஏறினால் 2, மிகவும் ஏறினால் 3, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் புரோத்ராம்பின் நேரம் 3 முதல் 6 நொடி நீண்டால் 1, அதற்கு மேல் 2, உறைபொருளான ஃபைப்ரினோஜன் லிட்டருக்கு 1 கிராமுக்குக் கீழ் 1. மொத்தம் 5 அல்லது மேல் என்றால் வெளிப்படையான டிஐசி. 5-க்குக் கீழ் என்றால் ஒன்றிரண்டு நாளில் மறுபடி கணக்கிட வேண்டும். செப்சிஸ், ரத்தப் புற்று, பலத்த காயம் போன்ற அடிப்படைக் காரணம் இல்லாதவருக்கு இந்தக் கணக்கைப் போடவே கூடாது.

தரம் தெரிந்தால் மாற்று மருந்து (உறைவைத் தடுக்கும் மருந்தின் வேலையை முறிப்பது) தானாக முடிவாகுமா?

முழுதாக இல்லை. மூளைக்குள் கசிவு, உயிருக்கு ஆபத்து, நிற்காத பெரிய கசிவு ஆகியவற்றில் மாற்று மருந்து. 2 கிராம் இறங்கிப் பெரியது என்று பெயர் வாங்கினாலும், ஏற்கெனவே நின்றுபோன குடல் கசிவுக்கு மருந்தை நிறுத்திக் கவனித்தாலே பெரும்பாலும் போதும். வார்ஃபாரினுக்கு வைட்டமின் கே 5 முதல் 10 மில்லிகிராம் மெதுவாகச் சிரை வழியாக, கூடவே உறைபொருள்கள் செறிந்த புரோத்ராம்பின் செறிவு. அது கிடைக்காத இடத்தில் ப்ளாஸ்மா கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி. 60 கிலோ ஆளுக்கு அது 600 முதல் 900 மில்லி, பலவீனமான இதயம் திணறும். டாபிகாட்ரானுக்கு இடாருசிசுமாப் 5 கிராம், 2.5 கிராம் கொண்ட இரண்டு குப்பிகள். ஹெப்பாரினுக்குப் புரோட்டமின்: கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் போன ஒவ்வொரு 100 யூனிட்டுக்கும் 1 மில்லிகிராம், ஒரே தடவையில் 50-க்கு மேல் வேண்டாம்.

கேஸ் ஷீட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

தரத்தை மட்டும் எழுதினால் பின்னால் யாரும் சரிபார்க்க முடியாது. எந்த அளவுகோல், எந்த ஆண்டு வடிவம் என்று முதலில். பிறகு கசிந்த இடம், தொடங்கிய நேரம், மருந்தின் கடைசி வேளை எப்போது, கசிவுக்கு முன் ஹீமோகுளோபினும் அதன் தேதியும், மிகக் குறைந்த அளவும் அதன் நேரமும், ஏற்றிய யூனிட்டும் பையின் அளவும், மிகக் குறைந்த ரத்த அழுத்தம், செய்த சிகிச்சை. தரம் என்பது அந்தச் சம்பவத்தின் உச்சத்துக்கு உரியது. காலையில் 2 என்று எழுதி மாலையில் ரத்தம் ஏற்றினால் காலையில் எழுதியதை அடித்துவிட்டு 3 போடாதீர்கள், புதிய வரியில் நேரத்தோடு எழுதுங்கள். அதே புண் மூன்றாம் நாள் மறுபடி கசிந்தால் அது இன்னொரு சம்பவமா, பழையதன் தொடர்ச்சியா என்பதை ஆய்வு நெறிமுறையில் பார்த்து, எப்படி எண்ணினீர்கள் என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.